எண்ணாதிருத்தலும் எண்ணிப்பார்த்தலும்: தமிழ் விவிலியத்தில் நம்பிக்கை

பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 4ஆம் அதிகாரம், நம்புவதற்கு ஏதும் இல்லாத நிலையில் நம்பிய ஒருவரைக் கிறித்தவ நம்பிக்கையின் முன்மாதிரியாக நிறுத்துகிறது. ஆபிரகாமுக்கு ஏறத்தாழ நூறு வயது. மனைவி சாராள் மகப்பேற்றுக்குரிய பருவத்தைக் கடந்து நெடுங்காலம் ஆயிற்று. கிடைத்த வாக்கோ, பல இனங்களுக்குத் தந்தையாவாய் என்பது. அந்நிலையில் அவர் என்ன செய்தார் என்னும் வினாவிற்குத் தமிழ் விவிலியங்கள் இருவேறு விடைகளைத் தருகின்றன. சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்றும் பெருவழக்காக உள்ள 1871ஆம் ஆண்டின் ஐக்கிய மொழிபெயர்ப்பு, தம் உடலும் சாராளின் கருப்பையும் செத்துப்போனதை அவர் 'எண்ணாதிருந்தார்' என்னும் பொருள்பட அமைகிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்போ, அவற்றை எண்ணிப்பார்த்தபோதும் அவர் தளரவில்லை என்கிறது. முன்னதில் ஆபிரகாம் கண்ணை மூடிக்கொள்கிறார்; பின்னதில் திறந்தே வைத்திருக்கிறார்.

ஓர் எதிர்மறைச் சொல்

இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பாளரின் விருப்பத்தால் நேர்ந்ததன்று. மூலபாடத்திலேயே உள்ளது. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் சுவடியிலும் சீனாய்ச் சுவடியிலும் இவ்விடத்தில் எதிர்மறைச் சொல் இல்லை. தம் உடலின் நிலையை ஆபிரகாம் கூர்ந்து நோக்கினார் என்பதே அவற்றின் பாடம். பிற்காலச் சுவடிகள் பெரும்பாலானவற்றில் 'இல்லை' எனப் பொருள்தரும் 'ஊ' என்னும் சிறுசொல் முன்னே வந்து நிற்கிறது. உடனே நோக்கினார் என்பது நோக்கவில்லை என்றாகிவிடுகிறது. ஐரோப்பாவில் அச்சேறி வழங்கிய கிரேக்கப் பாடம் இப்பிற்காலச் சுவடிகளைத் தழுவியது. ஐக்கிய மொழிபெயர்ப்பும் அதன்வழி நின்றது. இன்றைய பதிப்பாசிரியர்கள் எதிர்மறை இல்லாத பாடத்தையே ஏற்கின்றனர்.

சங்க நூல்களின் பாடவேறுபாடுகளோடு பழகிய தமிழாய்வாளருக்கு இச்சிறுசொல் எவ்வாறு நுழைந்திருக்கும் என்பதை ஊகித்தல் அரிதன்று. விசுவாசிகளின் தந்தை எனப்படுபவர் தம் முதுமையை எண்ணிப் பார்த்தார் என்பது படியெடுத்தவரின் பக்தியை உறுத்தியிருக்கலாம். ஆனால் பவுலுக்கு மூலமாக அமைந்த ஆதியாகமக் கதை அவ்வாறு கூசவில்லை. அதன் 17ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் முகங்குப்புற விழுந்து நகைக்கிறார். நூறு வயதினனுக்குப் பிள்ளை பிறக்குமா, தொண்ணூறு வயதினள் பெறுவாளா எனத் தமக்குள் கேட்டுக்கொள்கிறார். அடுத்த அதிகாரத்தில் கூடாரத்தின் உள்ளிருந்து சாராளும் நகைக்கிறாள். இருவரும் வயதைக் கணக்கிட்டுப் பார்த்தவர்களே. தமிழில் 'எண்ணுதல்' என்னும் சொல் கணக்கிடுதலையும் கருதுதலையும் ஒருங்கே குறிப்பது இங்கு வாய்ப்பாக அமைந்துவிடுகிறது.

பொருளளவில் இரு பாடங்களும் ஒன்றே, எண்ணாதிருத்தல் என்பது அதைப் பொருட்படுத்தாதிருத்தலே என்று வாதிடுவோர் உண்டு. இலக்கணப்படி அதற்கு இடமுண்டு. ஆயினும் ஒரு வசனம் அகராதிப் பொருளோடு மட்டும் வாழ்வதில்லை. அது பிரசங்கமாகவும் ஆறுதல் மொழியாகவும் நோயாளியின் படுக்கையருகே சொல்லப்படும் வார்த்தையாகவும் வாழ்கிறது. 'எண்ணாதிருந்தான்' என்ற பாடத்தில் வளர்ந்த மரபு, இழப்பை எண்ணுவதையே விசுவாசக் குறைவாகக் கருதத் தலைப்பட்டது. மகனை இழந்த தாயிடம் 'அதையே நினைத்துக்கொண்டிராதீர்கள்' எனச் சொல்லும் போதகர், தாம் அறியாமலே ஒரு பிற்காலச் சுவடியின் பாடத்தை ஓதுகிறார். நம்பிக்கை என்பது இயலாமையைக் காணாதிருப்பதா, கண்டும் நிற்பதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. விவிலியத்தின் பழைய பாடமும் தமிழ்ச் செவ்வியல் மரபும் இரண்டாவதன் பக்கமே நிற்கின்றன என்பது இதன் துணிபு.

நம்பிக்கை, விசுவாசம், எதிர்நோக்கு

பவுலின் வசனத்தில் இரு சொற்கள் எதிரெதிரே நிற்கின்றன: பிஸ்திஸ், எல்பிஸ். ஐக்கிய மொழிபெயர்ப்பு முன்னதை 'விசுவாசம்' எனவும் பின்னதை 'நம்பிக்கை' எனவும் பெயர்த்தது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்தில் வரும் மும்மை, விசுவாசம், நம்பிக்கை, அன்பு என இதனால் நிலைபெற்றது. ஆனால் கோயிலுக்கு வெளியே தமிழர் நாவில் 'நம்பிக்கை' என்பது பெரும்பாலும் பிஸ்திஸையே குறித்தது. கடவுள் நம்பிக்கை, மூடநம்பிக்கை, நம்பிக்கைத் துரோகம் என்னும் தொடர்கள் அனைத்திலும் அப்படியே. ஆகவே கிறித்தவர் நாவில் இரு பொருளும் ஒன்றையொன்று விழுங்கின. நம்பிக்கை இழந்தேன் எனத் துயருற்றவர் சொன்னால், இனி நல்லது நடக்குமென்று தோன்றவில்லை என்பதை மட்டுமா அவர் சொல்கிறார், கடவுளையே விட்டுவிட்டேன் என்கிறாரா? கேட்பவர் பெரும்பாலும் இரண்டாவதாகக் கொண்டு கண்டிக்கிறார். அண்மைக் காலத்தில் 'தன்னம்பிக்கை' நூல்களின் பெருக்கம் இச்சொல்லுக்கு வெற்றியாளரின் சட்டையையும் மாட்டிவிட்டது. சில பிரசங்கங்களைக் கேட்கையில் சிலுவை எங்கே போயிற்று என்று தேடவேண்டியிருக்கிறது.

பொது மொழிபெயர்ப்பு வேறு வழி சென்றது. பிஸ்திஸுக்கு 'நம்பிக்கை'யையே கொடுத்து, எல்பிஸுக்கு 'எதிர்நோக்கு' என்னும் சொல்லை ஆண்டது. ஈழத்தமிழர் செவியில் இச்சொல் விந்தையாகவே ஒலிக்கும். மக்கள் எதிர்நோக்கும் பிரச்சினைகள், மாணவர் எதிர்நோக்கும் இடர்ப்பாடுகள் என்றே நம் செய்தித்தாள்களில் அதைக் கண்டு பழகியிருக்கிறோம். முகங்கொடுத்தல் என்பதே அங்கு அதன் பொருள். அலுவலகக் கோப்பிலிருந்து எடுத்த சொல்போலத் தோன்றுகிறது என்று குறைகூறுவோரும் உண்டு. எனினும் இந்த விந்தையிலேதான் அதன் பொருத்தம் இருக்கிறது. கிரேக்கத்தில் எல்பிஸ் என்பதும் பண்டு நன்மையை மட்டும் குறித்ததன்று; வரவிருக்கும் நன்மை தீமை இரண்டையும் பற்றிய எதிர்பார்ப்பைக் குறித்தது. வருவதை முகத்துக்கு முகம் பார்ப்பது என்னும் பொருள், இழப்பை எண்ணிப்பார்த்த ஆபிரகாமுக்கு ஒவ்வுகிறது. கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் 'எதிர்நோக்க' முடியாது.

அதற்காகப் பழைய சொல்லைக் கைவிடவேண்டும் என்பதும் சரியன்று. தொல்காப்பிய உரியியல் 'நம்பு' என்னும் உரிச்சொல்லுக்கு 'நசை' எனப் பொருள் கூறுகிறது. நசை என்பது விருப்பம், ஏக்கம். நாம் இன்று உறுதிப்பாட்டின் சொல்லாகக் கருதும் நம்பிக்கையின் அடியில் கிடப்பது உறுதியன்று, ஏக்கம். ஏக்கம் உடையவனுக்குத் தன்னிடம் இல்லாதது எதுவெனத் தெரியும். பவுலும் அதே திருமுகத்தின் 8ஆம் அதிகாரத்தில், கண்ணுக்குத் தென்படுவதை எவரும் நம்பிக்கொண்டிருப்பதில்லை என வாதிட்டு, காணாததற்காகப் பொறுமையோடு காத்திருத்தலையே எல்பிஸின் இலக்கணமாக்குகிறார். ஐக்கிய மொழிபெயர்ப்பின் 'நம்பிக்கை'யை இந்த நசையின் ஒலியோடு படித்தால், அது எதிர்நோக்கைவிட ஆழமான சொல்லாகவும் ஆகக்கூடும்.

தோழி கூறும் ஆறுதல்

காத்திருத்தலுக்குத் தனித்திணையே வகுத்த மரபு நம்முடையது. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். தலைவன் கார்காலத்தில் மீள்வேன் எனச் சொல்லிப் பிரிகிறான். கார் வருகிறது, அவன் வரவில்லை. சொல்லும் உலகமும் முரண்படும் அந்த இடைவெளியிலேதான் முல்லைப் பாடல்கள் பிறக்கின்றன. உரோமையர் 4ஆம் அதிகாரத்தின் நெருக்கடியும் இத்தகையதே என்பதால் இவ்வொப்பீடு வலிந்து செய்வதன்று.

குறுந்தொகையின் 66ஆம் பாடலில் தோழி பேசுகிறாள். கொன்றை பூத்துவிட்டதைக் கண்டு தலைவி கலங்குகிறாள். தோழியோ, இது கார்ப்பருவம் அன்று, பருவமல்லாத மழையைக் காரென்று மயங்கி இந்த அறிவற்ற கொன்றைகள் பூத்துவிட்டன என்கிறாள். அன்பினால் சொல்லப்பட்ட பொய் இது. தலைவியின் கண் காண்பதை மறுத்து, மரங்களின்மேல் குற்றம் சுமத்தி, காலத்தை ஒத்திப்போடுகிறது. துயரத்தின் அருகில் இருப்பவர் செய்யக்கூடியதை எல்லாம் தோழி செய்கிறாள். அவளைப் பழிக்க எனக்கு மனமில்லை. ஆனால் எண்ணாதிருத்தலின் இலக்கிய வடிவம் இதுவே. யோபுவின் நண்பர்களும் ஏழு நாளும் ஏழு இரவும் தரையில் அவரோடு பேசாது அமர்ந்திருந்தவரையில் நண்பர்களாகவே இருந்தனர். வாய்திறந்து விளக்கமளிக்கத் தொடங்கிய பின்னரே கடிந்துகொள்ளப்படும் நிலைக்கு வந்தனர்.

குறுந்தொகை 21ஆம் பாடல் வேறு. ஓதலாந்தையார் பாடிய அப்பாடலில் பேசுபவள் தலைவியே. வண்டுகள் மொய்க்கும் கொன்றைப் பூங்கொத்துகள், பொன்னணிகள் இடையிட்டுக் கட்டிய மகளிர் கூந்தல்போல் தோன்றுவதை அவள் ஒன்றுவிடாமல் பார்க்கிறாள். காடே கார் வந்ததெனச் சொன்னாலும் ஏற்கமாட்டேன் என்கிறாள். காரணம் ஒன்றே: அவர் பொய் சொல்பவர் அல்லர். மேலோட்டமாகப் பார்த்தால் தோழி சொன்னதையே இவளும் சொல்கிறாள். ஆயினும் இருவேறுபாடுகள் உள்ளன. முதலாவது, தோழி மரங்களைப் பற்றிக் கதை புனைகிறாள். தலைவி மரங்களை அவை உள்ளபடியே பார்த்தபின், சொன்னவனின் வாய்மையை முன்வைக்கிறாள். இரண்டாவது, இங்குப் பேசுவது துயரை அனுபவிப்பவளின் வாய். துன்புறுபவர் தாமே 'ஏற்கமாட்டேன்' என்பதும், அருகிலிருப்பவர் அவரை 'ஏற்காதே' என்பதும் ஒரே சொல்லாயினும் ஒரே செயலாகா. ஆபிரகாமின் நம்பிக்கை ஆபிரகாமுடையது. அதை எடுத்து மற்றொருவர்மேல் விதியாகச் சுமத்தும்போது அது தோழியின் கொன்றைக் கதையாகிவிடுகிறது.

நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் இவ்வுணர்வு இன்னும் ஒருபடி கூர்மையடைகிறது. முதுபெண்டிர் ஊர்ப்புறத்தே சென்று நெல்லும் மலரும் தூவி விரிச்சி கேட்கின்றனர். துயருற்று அலமரும் கன்றிடம், உன் தாய் இப்போதே வந்துவிடுவாள் என ஓர் ஆயர்மகள் சொல்லும் சொல் அவர்கள் காதில் விழுகிறது. நற்சொல் கேட்டோம், தலைவன் வருவது உறுதி எனத் தேற்றுகின்றனர். தலைவி தேறவில்லை, அழுகிறாள், உறக்கமின்றிக் கிடக்கிறாள். ஆனால் எழுந்து போய்விடவும் இல்லை. ஆறுதலை ஏற்காமலே காத்திருக்க முடியும் என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டிய பாட்டை நான் அறியேன். இவளுடைய இருத்தல் நம்பிக்கையா, நம்பிக்கையின்மையா? தேற்றமும் காத்திருப்பும் வேறுவேறு என்று கொண்டாலன்றி அவ்வினாவிற்கு விடை இல்லை.

புலம்பல் நூலின் நடுவே

கிறித்தவ வேதத்துள் இவ்விருத்தலை மிகக் கடுமையான சூழலில் வைத்துக் காட்டும் நூல் புலம்பல். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாபிலோனியப் படை எருசலேமை அழித்ததன் பின் எழுந்த ஐந்து பாடல்கள் அவை. அந்நூலுக்குத் தமிழில் வாய்த்த பெயரே ஓர் உரைபோல் அமைகிறது. 'புலம்பு' என்பதற்குத் தனிமை எனப் பொருள் கூறுவதும் தொல்காப்பிய உரியியலே. நூலின் முதல் வசனமும் மக்கள் நிறைந்திருந்த நகரம் தனியே அமர்ந்திருப்பதைக் கண்டு வியக்கும் துயரக் குரலாகவே தொடங்குகிறது.

முதல் நான்கு பாடல்களும் எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளை வரிசையாக முதலெழுத்தாகக் கொண்டு நடக்கின்றன. ஆத்திசூடியை மனனம் செய்த தமிழருக்கு இவ்வமைப்பு உடனே விளங்கும், ஆயின் மொழிபெயர்ப்பில் அது முற்றாக மறைந்துவிடுகிறது. மூன்றாம் பாடல் ஒவ்வோர் எழுத்துக்கும் மும்மூன்று வசனங்களாக 66 வசனங்களைக் கொண்டது. நூலின் நடுவில் நிற்பதும் இதுவே. காலைதோறும் புதிதாகும் இரக்கத்தைப் பற்றி அங்கே வரும் சொற்கள் தமிழ்க் கிறித்தவ இல்லங்களின் சுவர்களிலும் நாட்காட்டிகளிலும் இடம்பெற்றவை. அவை எங்கிருந்து எடுக்கப்பட்டன என்பதை அறியாமல் அவற்றைச் சொல்வோர் பலர். அவ்வசனங்களுக்குச் சற்று முன்னே கடவுள் பதுங்கியிருக்கும் கரடியாகவும் மறைவிலுள்ள சிங்கமாகவும் வில்லை நாணேற்றி அம்பெய்பவராகவும் வருகிறார். பாடுபவரின் பற்கள் பருக்கைக் கற்களால் நொறுக்கப்படுகின்றன. இவற்றை எல்லாம் விரல்விட்டு எண்ணிய பின்னரே இரக்கத்தின் சொல் பிறக்கிறது. முன்பகுதியை வெட்டிவிட்டு நாட்காட்டியில் அச்சிட்ட வசனம், எதிர்மறை சேர்க்கப்பட்ட பாடத்தைப் போன்றது.

மொழி நுட்பம் ஒன்றை இங்குக் கருதவேண்டும். 18ஆம் வசனத்தில், தம் காத்திருப்பு அழிந்துபோயிற்று என்கிறார் பாடுபவர். மூன்றே வசனங்கள் கழித்து, 21ஆம் வசனத்தில், ஆதலால் காத்திருப்பேன் என்கிறார். எபிரேயத்தில் இரு இடத்தும் ஒரே வேர்ச்சொல்லின் வடிவங்களே வருகின்றன. அழிந்தது எதுவோ அதுவே மீள்கிறது. அழியாத வேறொன்றைக் கொண்டு அவர் ஈடுசெய்யவில்லை. ஐக்கிய மொழிபெயர்ப்பு முன்னதைக் 'காத்திருத்தல்' எனவும் பின்னதை 'நம்பிக்கை' எனவும் பெயர்த்ததால் இவ்வெதிரொலி தமிழில் கேட்பதில்லை. காத்திருந்து களைத்தவர் பின்னர் நம்பிக்கை பெற்றார் என்றொரு முன்னேற்றக் கதைபோல் அது படிக்கப்படுகிறது. மூலத்திலோ முன்னேற்றம் இல்லை. இறந்த சொல்லை மீண்டும் வாயிலெடுத்தல் மட்டுமே உண்டு. இடையில் நிகழ்ந்தது என்ன என்று பார்த்தால், 19ஆம் வசனத்தில் தம் துன்பத்தையும் கசப்பையும் நினைத்தல் வருகிறது; 20இல் அதை மேலும் நினைத்து உள்ளம் குனிகிறது. எண்ணிப்பார்த்தலின் வழியாகவே அவர் 21ஐ அடைகிறார்.

29ஆம் வசனத்தில் அமைந்த சொல் இன்னும் எளியது. வாயைப் புழுதியில் வைத்தவன் 'ஒருவேளை' என்கிறான். ஒருவேளை நம்பிக்கைக்கு இடமிருக்கலாம். அங்கு வரும் எபிரேயச் சொல் 'திக்வா'. நம்பிக்கையைக் குறிக்கும் அதே வடிவமே கயிற்றையும் குறிக்கும். எரிகோவின் ராகாப் தன் சன்னலில் கட்டிய சிவப்புக் கயிறும் யோசுவாவின் நூலில் இச்சொல்லாலேயே சுட்டப்படுகிறது. நகரம் விழப்போகிறது என்பதை அறிந்தவள் கட்டிய கயிறு அது. நகரம் விழாது என்பதற்கு அடையாளமாக அவள் அதைக் கட்டவில்லை.

நம் கையறுநிலைப் பாடல்களோடு ஒப்பிட்டால் இந்நூலின் தனித்தன்மை துலங்கும். புறநானூற்றின் 112ஆம் பாடலில் பாரி மகளிர் சென்ற திங்களின் நிலவையும் இன்றைய நிலவையும் மட்டும் சொல்கின்றனர். அன்று இருந்த தந்தையும் குன்றும் இன்று இல்லை. அங்கே முன்னிலை இல்லை. எவரிடமும் எதையும் கேட்கவில்லை. அதன் பேரழகும் அதிலேயே உள்ளது. புலம்பல் நூலோ, அழித்தவர் எவரென்று தான் கருதுகிறதோ அவரையே முன்னிலையாக்கி அவரோடு வழக்காடுகிறது. ஐந்து பாடல்களிலும் கடவுள் ஒருமுறையேனும் புதிதாக மறுமொழி கூறுவதில்லை. மூன்றாம் பாடலில் அவர் முன்பொருகால் அஞ்சாதே என்றதாக ஒரு நினைவு வருகிறது, அவ்வளவே. கிறித்தவ நம்பிக்கைக்கும் கையறுநிலைக்கும் உள்ள எல்லைக்கோடு துயரின் அளவில் இல்லை, இந்த முன்னிலையில் இருக்கிறது என்பேன்.

ஐயக் கோட்டை

தமிழ்க் கிறித்தவர் 'மோட்சப் பிரயாணம்' என அறிந்த ஜான் பனியனின் கதையிலும், கிருஷ்ணபிள்ளை 1894இல் இரட்சணிய யாத்திரிகம் எனக் காப்பியமாக்கிய அக்கதையின் மூலத்திலும், இதற்குத் துணைநிற்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காக 1660இலிருந்து 1672வரை பெட்ஃபோர்டுச் சிறையில் இருந்தவர் பனியன். 1678இல் வெளிவந்த அவர் கதையில் சிறைகள் கற்பனைச் சிறைகளாக இருக்க இயலாது. மாயச் சந்தையில் விசுவாசியை எரித்துக் கொல்கின்றனர். அவனுடைய மரணத்தைக் கண்டு எழுந்து வருபவனே நம்பிக்கை என்னும் துணைவன். விசுவாசம் இறந்த இடத்தில் நம்பிக்கை பிறந்தது என்பதைப் பனியன் விளக்காமல் கதையாகவே விட்டுவிடுகிறார்.

பின்னர் இருவரும் ஐயக் கோட்டையில் அவநம்பிக்கை என்னும் அரக்கனிடம் சிறைப்படுகின்றனர். புதன் காலை முதல் சனி இரவுவரை இருட்டறை. உணவில்லை, நீரில்லை, அடி மட்டுமே. தற்கொலை செய்துகொள்ளுமாறு அரக்கன் ஆலோசனை கூறுகிறான். கிறித்தவன் அதை ஏற்கும் நிலைக்கு வந்துவிடுகிறான். இங்குப் பனியனின் நேர்மையைக் கவனிக்கவேண்டும்: நம்பிக்கை என்னும் துணைவனும் அதே இருட்டறையில் அதே அடியைப் பட்டுக்கொண்டு கிடக்கிறான். வெளியிலிருந்து வந்து விடுவிப்பவனாக அவனை ஆசிரியர் படைக்கவில்லை. சனி நள்ளிரவில் தொழத் தொடங்கி, விடியும் வேளையில்தான் தன் மார்பில் வாக்குறுதி என்னும் திறவுகோல் இருப்பது கிறித்தவனுக்கு நினைவு வருகிறது. அப்போதும் இரும்பு வாயிலின் பூட்டு எளிதில் திறக்கவில்லை. சனியிரவு கழிந்து ஞாயிறு விடியும் நேரம் எதைக் குறிக்கிறது என்பதைக் கிறித்தவ வாசகருக்குச் சொல்லவேண்டியதில்லை.

காத்திருப்போரின் சொல்

இந்த வாதம் புலம்பெயர் தமிழ்த் திருச்சபைகளுக்கு வெறும் பாட ஆராய்ச்சி அன்று. 2009 மே மாதத்தோடு போர் முடிந்தது, காத்திருப்பு முடியவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரம் அமர்ந்து தொடர்போராட்டத்தைத் தொடங்கிய உறவினர்களில் சைவரும் உளர், கிறித்தவரும் உளர். அவர்களுடைய இருத்தலைக் கிறித்தவ நம்பிக்கைக்கு எடுத்துக்காட்டாக எடுத்தாள எனக்கு உரிமையில்லை. அவர்களின் மொழியிலிருந்து கற்பதற்கு மட்டும் ஒன்றுண்டு. தம் பிள்ளைகளை அவர்கள் 'காணாமல் போனோர்' என்பதில்லை. 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்கின்றனர். அரசு நிறுவிய அலுவலகத்தின் பெயரில் 'காணாமற்போன' என்பதே உள்ளது. போதல் தானே நிகழ்வது; ஆக்கப்படுதல் ஒருவர் செய்தது. ஒரு வினைவடிவத்தை விட்டுக்கொடாமல் நிற்பதும் எண்ணிப்பார்த்தலே. உண்மையை இவ்வளவு துல்லியமாகச் சொல்பவர்களே இவ்வளவு நீண்ட காலம் காத்திருக்கவும் செய்கின்றனர்.

இவர்களின் உறவினர் இலண்டனிலும் தொராண்டோவிலும் சிட்னியிலும் நம் வழிபாடுகளில் அமர்ந்திருக்கின்றனர். மே மாத நினைவு வழிபாடுகளில் புலம்பல் நூல் வாசிக்கப்படுமாயின், பெரும்பாலும் அது மூன்றாம் அதிகாரத்தின் அந்தச் சில வசனங்களாகவே இருக்கும். ஐந்தாம் அதிகாரத்தை வாசிக்கக் கேட்டது அரிது. எங்கள் உரிமைநிலம் அன்னியருக்கும் எங்கள் வீடுகள் பிறருக்கும் போயின, தந்தையற்றோரானோம், எங்கள் தாய்மார் கைம்பெண்களைப் போலாயினர், எங்கள் தண்ணீரையே விலைகொடுத்துக் குடிக்கிறோம் எனத் தொடரும் பாடல் அது. 22 வசனங்கள் இருந்தும் அகரவரிசை இல்லை; நான்கு பாடல்களைத் தாங்கிய ஒழுங்கு அங்குக் குலைந்துவிடுகிறது. 21ஆம் வசனம் எங்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் என வேண்டுகிறது. இறுதி வசனம், எங்களை நீர் முற்றாகத் தள்ளிவிட்டீரோ என்னும் அச்சத்தில் நின்றுவிடுகிறது. அதன் எபிரேயத் தொடக்கச் சொற்களை எவ்வாறு பொருள்கொள்வது என்பதில் அறிஞரிடையே இன்றும் ஒருமைப்பாடு இல்லை.

ஆலயம் அழிந்த நாளை நினைவுகூர்ந்து யூதர் இந்நூலைத் தொழுகைக்கூடங்களில் வாசிக்கையில், 22ஆம் வசனத்தை அவர்கள் நீக்குவதில்லை, மாற்றுவதுமில்லை. அதை வாசித்து முடித்தபின் 21ஆம் வசனத்திற்குத் திரும்பி அதை மீண்டும் ஒருமுறை ஓதுகின்றனர்.